நான்காம் வேற்றுமையில் பெண்கள்

'அருமைப் புதல்விக்கு' என்றொரு நூல் தமிழில் உண்டு. தீரர் சத்தியமூர்த்தி சிறையிலிருந்து தம் மகள் லட்சுமிக்கு எழுதிய கடிதங்கள் அவை. சென்னை மாகாணச் சட்டசபையிலும் பிறகு தில்லியின் மத்திய சட்டசபையிலும் பேச்சால் பெயர் பெற்றவர் சத்தியமூர்த்தி. 1939இல் சென்னை மேயராகி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தவர். 1942 ஆகஸ்டில் கைதாகி, சிறையில் உடல் நலிந்து, 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தார். அப்போது லட்சுமி பதின்வயதுப் பெண்.

இலக்கணம் நடத்துகிறவள் என்பதால் என் கண் முதலில் அந்தத் தலைப்பின் உருபில்தான் நின்றது. புதல்வி என்பது பெயர். 'கு' சேர்ந்ததும் அது நான்காம் வேற்றுமை. கொடுப்பவர் ஒருவர் இருக்க, பெற்றுக்கொள்கிறவளைக் குறிக்கும் உருபு அது. மு. வரதராசனார் கடித வடிவில் எழுதிய நூல்களுக்கும் 'அன்னைக்கு', 'தங்கைக்கு' என்றே பெயர். நேரு 1928 கோடையில் முசௌரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு எழுதிய 30 கடிதங்கள் மறு ஆண்டு நூலானபோதும், தந்தை மகளுக்கு எழுதியவை என்பதே தலைப்பானது. கடித இலக்கியத்தில் பெண்ணுக்கு நிறையவே வந்திருக்கிறது. அவள் என்ன எழுதினாள் என்பதைத் தேடினால்தான் அலமாரி காலியாக இருக்கிறது.

இந்த வெறுமையைப் பெண்கள் எழுதவில்லை என்று சொல்லி முடித்துவிட முடியாது. கடிதம் எங்கே தங்குகிறது என்பதை யோசித்தால் காரணம் புரியும். கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடம்தான் இருக்கிறது. அப்பாவின் கடிதங்கள் நூலானால் அவற்றை மகள் பத்திரப்படுத்தினாள் என்று பொருள். மகளின் கடிதங்கள் நூலாக வேண்டுமானால் அப்பாவோ கணவனோ அண்ணனோ அவற்றைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். பெரிய மனிதர்களின் கடிதத் தொகுப்புகள் பலவும் அவர்கள் வீட்டுப் பெண்கள் டிரங்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவை. அதே காப்பு அந்தப் பெண்களின் எழுத்துக்குக் கிடைக்கவில்லை.

இருபக்கமும் பிழைத்த ஒரு குடும்பத்தை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜான் ஆடம்ஸ் புதிய நாட்டுக்கான விவாதங்களில் பிலடெல்பியாவில் இருந்தபோது, மனைவி அபிகேல் ஊரில் பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகாதவர் அவர். 1776 மார்ச் 31 அன்று எழுதிய கடிதத்தில், நீங்கள் இயற்றப்போகும் சட்டங்களில் பெண்களை நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் வரம்பற்ற அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், எங்களுக்குக் குரல் இல்லாத சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்பட மாட்டோம் என்ற கருத்துப்பட எழுதினார். ஏப்ரல் 14 அன்று கணவர் பதில் எழுதினார். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது என்றார். அபிகேல் அத்தோடு விடவில்லை. அதே மாதம் தோழி மெர்சி ஓடிஸ் வாரனுக்கு எழுதி, நாம் சேர்ந்து காங்கிரஸுக்கு ஒரு மனுப் போடலாமா என்று கேட்டார்.

தம் கடிதங்களை எரித்துவிடும்படி கணவரிடம் சொன்னவரும் அபிகேல்தான். ஜான் எரிக்கவில்லை. 1840இல் பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் பாட்டியின் கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, திருத்தி, தனி நூலாக வெளியிட்டார். அந்தப் பத்தாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் அவர். 1876இல் தாத்தாவும் பாட்டியும் எழுதியவற்றைச் சேர்த்து இன்னொரு தொகுப்பும் கொண்டுவந்தார். ஆக, அபிகேலின் குரல் நமக்குக் கிடைக்க, சிரித்த கணவர் எரிக்காமல் இருக்கவும், சட்டமன்ற உறுப்பினரான பேரன் அச்சுக்குக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. நடுவில் எந்த ஆண் கை நழுவவிட்டிருந்தாலும், மனைவியின் கடிதத்தைப் படித்துச் சிரித்த கணவரின் பதில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சத்தியமூர்த்திக்குத் திரும்புகிறேன். மகளுக்குச் சிறையிலிருந்து அத்தனை அக்கறையோடு எழுதிய அதே மனிதர் சட்டசபையில் பெண்கள் விஷயத்தில் எங்கே நின்றார்? புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திருமயத்தில் 1887இல் பிறந்தவர் அவர். அதே சமஸ்தானத்தில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளின் மகள். ஒரே சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் ஒரு வருட இடைவெளியில் பிறந்த இருவரும் சென்னைச் சட்டசபையில் எதிரெதிரே நின்றார்கள். 1927இல் முத்துலட்சுமி பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 1930இல் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை முன்வைத்தார். இந்த முயற்சிகளை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் சத்தியமூர்த்தி. மசோதா சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமிகள் கழுத்தில் பொட்டு ஏறியிருக்கும்?

தந்தையின் கடிதத்தை மட்டும் படிப்பவர் பெண்கல்வி மீது பற்றுள்ள மனிதரைக் காண்பார். சட்டசபைப் பதிவை மட்டும் படிப்பவர் மரபின் காவலரைக் காண்பார். இரண்டும் அவர்தான். 'என் மகள்' என்ற சொல்லுக்குள் அடங்கிய பெண்ணிடம் காட்டிய பரிவு, அந்தச் சொல்லுக்கு வெளியே நின்ற பெண்கள் வரை போகவில்லை. குடும்பக் கடிதங்களை அரசியல் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று மாணவியரிடம் நான் சொல்வது இதனால்தான். தனியாகப் படித்தால் அவை அன்பின் ஆவணங்களாக மட்டுமே தெரியும்.

அந்த விவாதத்தின்போது கடிதம் எழுதிய பெண்கள் வேறு சிலரும் இருந்தார்கள். சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கத்தின் பெயரில் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டோர் மசோதாவை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். எங்கள் கருத்தையும் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எதிர்த்திசையில் நின்று, ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். இவர்களில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே எனக்கு முக்கியமானது, விண்ணப்பம் அரசுக் கோப்பில் தங்கியது என்பது. கோப்புக்குப் போன பெண்ணெழுத்து பிழைத்தது. முத்துலட்சுமி ரெட்டியின் தாள்கள் தில்லி நேரு நினைவு நூலகம் வரை போய்ச் சேர்ந்தன. வீட்டுக்குள் போன பெண்ணெழுத்துக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். சத்தியமூர்த்தியைக் குருவாகக் கொண்டாடிய காமராசர் விருதுநகர்க்காரர். 1937இல் சாத்தூரிலிருந்து சட்டசபைக்குப் போனவர். அவர் முதலமைச்சரானபின் அம்மா சிவகாமி அம்மாளுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பிவந்தார் என்பதும், வருகிறவர் போகிறவருக்குச் செலவாகிறது, கொஞ்சம் கூட்டித் தரச்சொல் என்று அம்மா சொல்லியனுப்ப, அவர் மறுத்துவிட்டார் என்பதும் இங்கே எல்லா மேடைகளிலும் கேட்கிற கதை. மகனின் நேர்மைக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது, சரிதான். ஆனால் அந்தக் கதையில் அம்மாவின் வாயில் இருப்பது ஒரே ஒரு வேண்டுகோள், அதுவும் மறுக்கப்படுவதற்காக. கணவனை இளம்வயதில் இழந்து, மகன் சிறைக்கும் கட்சிக்கும் போன பிறகும் வீட்டை நடத்திய பெண்ணுக்குச் சொல்ல வேறொன்றும் இருந்திருக்காதா?

ராஜபாளையத்தில் 1898இல் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றவர். பிறகு ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். பிறந்த சில நாட்களில் தாயை இழந்தவர். மூன்று வயதில் தந்தையும் போக, பாட்டி வளர்த்தார். வாழ்க்கைக் குறிப்புகளில் அந்தப் பாட்டிக்குக் கிடைப்பது 'வளர்த்தார்' என்ற ஒரு வினைமுற்று. ஒரு முதலமைச்சரை வளர்த்த கதை ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது.

எழுதத் தெரிந்த பெண்கள் குறைவு என்பதும் உண்மைதான். 1901 கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப்படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனாலும் கடிதம் போனது. 1879 ஜூலையில் கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்தபின் ஏழை வீட்டுக்கும் அது எட்டியது. பெண் சொல்ல, பள்ளிக்குப் போகும் பையன் எழுதினான். அட்டையில் உறை கிடையாது. தபால்காரர் முதல் மாமியார் வரை யாரும் படிக்கலாம், படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆகவே 'நலம், நலமறிய ஆவல்' என்ற வாசகம் பெண்களுக்கு வெறும் சம்பிரதாயம் மட்டும் இல்லை. வேறெதையும் பத்திரமாகச் சொல்ல முடியாத இடத்தில் அது ஒரு மூடி. ஒட்டி அனுப்பும் இன்லண்டு லெட்டர் 1950இல்தான் வந்தது. அதையும் வீட்டில் பிரிப்பது பெரும்பாலும் அவள் கை இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவியரிடம் வீட்டிலுள்ள பழைய கடிதங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொன்னேன். ராஜபாளையம் பஞ்சாலை வீடுகளிலிருந்தும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற வீடுகளிலிருந்தும், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் வீதிகளிலிருந்தும் வருகிற பெண்கள். கம்பியில் குத்திய கடிதக் கொத்துகள், மஞ்சள் பைகள், பிஸ்கட் டப்பாக்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஒருத்தி வீட்டில் தமிழ் எழுத்தில் எழுதிய தெலுங்குக் கடிதம் கிடைத்தது. வீட்டுமொழி தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ் எழுத்து. இரண்டையும் சேர்த்து ஒரு பெண் தன் அக்காவுக்கு எழுதியிருந்தாள். அதைப் படிக்கத் தமிழ் தெரிந்தாலும் போதாது, தெலுங்கு எழுத்து தெரிந்தாலும் போதாது. வாய்விட்டுப் படித்தால்தான் புரிந்தது.

ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள்: "பாட்டி, தாத்தா எழுதுனது அம்புட்டும் இருக்கே, நீங்க எழுதுனது எங்க?"

"நான் எழுதுனது அவுககிட்டல்ல இருக்கும்" என்றாராம் பாட்டி. தாத்தா ராணுவத்தில் இருந்தவர். முகாம் மாறும்போதெல்லாம் சுமையைக் குறைத்தவர்.

இன்னொரு வீட்டில் ஒரு பெரியம்மா, அம்மா வீட்டுக்கு மாதம் ஒன்று எழுதியதாகச் சொன்னார். அந்த வீடு தம்பிக்குப் போய், தம்பி மகன் இடித்துக் கட்டிவிட்டார். பெண்ணின் கடிதங்கள் பிறந்த வீட்டுக்குப் போகின்றன. பிறந்த வீட்டில் அவளுக்குப் பங்கு இல்லை. இந்துப் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 1989 வரை மூதாதையர் சொத்தில் சம உரிமை கிடையாது என்பதைக் கடித வரலாற்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வீடு யாருடையதோ பரண் அவருடையது. பரண் யாருடையதோ வரலாறு அவருடையது.

சரி, ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் மறுபக்கத்தைக் கேட்க வழி உண்டா? ஓரளவு உண்டு. பாரதி காசியில் இருந்த நாட்களில் செல்லம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கவலைப்படாதே, அந்த நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்பது அதன் சாரம். செல்லம்மா எழுதியது நம்மிடம் இல்லை. ஆனால் அவர் பயந்திருக்கிறார், பயத்தை எழுத்தில் சொல்லியிருக்கிறார், கணவனிடம் பதில் கேட்டிருக்கிறார் என்பதை அந்தப் பதிலே காட்டிக்கொடுக்கிறது. பின்னாளில் செல்லம்மாவே பாரதியின் வாழ்க்கையைச் சொன்னபோதுதான் அவர் எழுவாயாக வந்தார்.

மாணவியருக்கு நான் சொல்லும் வாசிப்பு முறை இதுதான். ஆண் எழுதிய கடிதத்தில் 'நீ கேட்டிருந்தபடி' என்று வரும் இடங்களைத் தனியே எழுதுங்கள். அவை அவள் கேள்விகள். 'அப்படி நினைக்காதே' என்று வந்தால், அவள் அப்படி நினைத்தாள் என்று குறியுங்கள். பணக்கணக்கு வந்தால், வீட்டை யார் நடத்தினார் என்பது தெரியும். கடைசியில் யார் யாரை விசாரித்ததாகச் சொல்லவும் என்று வரும் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது என்று பாருங்கள். இப்படிக் கிடைப்பது அவள் குரல் ஆகிவிடாது. அவள் பேசினாள் என்பதற்குச் சான்றாகும். அதுவும் சிறிய விஷயமில்லை.

தந்தை, மகள் இருவர் எழுத்தும் அருகருகே பிழைத்த ஓர் ஊர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் பாடினார், ஆண்டாளும் பாடினார். மகளை அனுப்பிவிட்டுத் தவிக்கும் தாயின் குரலில் பெரியாழ்வார் பாடியதைப் பலரும் ஆண்டாளைப் பிரிந்த தந்தையின் தவிப்பாகவே படிக்கிறார்கள். ஆனால் நாம் அவரை மட்டும் படிக்க வேண்டிய நிலையில் இல்லை. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் மகள் தானே பேசுகிறாள். ஐந்தாம் திருமொழியில் குயிலிடமும் எட்டாம் திருமொழியில் மேகங்களிடமும் செய்தி சொல்லியனுப்புகிறாள். எதை வேண்டுகிறாள் என்பதில் மூடி எதுவும் இல்லை. பதிகங்களின் முடிவில் தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் வைக்கிறாள். அனுப்புநர் முகவரி எழுதுகிற மாதிரிதான். இது பிழைத்ததற்கு ஒரு காரணம் கவிதையின் வலிமை. இன்னொரு காரணம், யாரோ அதைத் தந்தையின் பாடல்களோடு சேர்த்து நாலாயிரத்துக்குள் வைத்ததும், தலைமுறைகள் ஓதிவந்ததும். அப்படி வைத்தபோதும் எல்லாவற்றுக்கும் சம இடம் கிடைத்ததா? மார்கழியில் தெருவெல்லாம் ஒலிப்பது 30 பாசுரத் திருப்பாவை. உடலின் வேட்கையைப் பேசும் பாசுரங்களை ஒலிபெருக்கியில் நான் அதிகம் கேட்டதில்லை. காப்பாற்றியதிலும் ஒரு தேர்வு இருக்கிறது.

லட்சுமியின் கதை நூலோடு நின்றுவிடவில்லை. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் அவர் சட்டமேலவை உறுப்பினராக இருந்தார். அதைவிடத் தமிழுக்கு அவர் செய்தது, 1960களின் நடுவில் கணவரோடு சேர்ந்து தொடங்கிய 'வாசகர் வட்டம்' என்ற பதிப்பகம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', லா. ச. ராமாமிருதத்தின் 'புத்ர', சா. கந்தசாமியின் 'சாயாவனம்', ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஒரு தாயின் வேட்கையைப் பேசியதற்காக வசை வாங்கிய 'அம்மா வந்தாளை' அச்சேற்றியவர் சிறையிலிருந்து கடிதம் பெற்ற அந்த அருமைப் புதல்விதான். பெறுநராக இருந்தவர் எது அச்சாக வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்துக்கு வந்தார். தந்தைக்கு அவர் என்ன பதில் எழுதினார் என்று கேட்டால், அந்த நூல்வரிசையையும் பதிலின் ஒரு பகுதியாக நான் சேர்ப்பேன். ஆனாலும் 2009இல் அவர் மறைந்தபோது தீரர் சத்தியமூர்த்தியின் மகள் என்றே செய்தி வந்தது. இந்த முறை ஆறாம் வேற்றுமை.

நேரு குடும்பத்தில் இந்திராவின் கடிதங்களும் பத்திரமாக இருந்ததால், 1989இலும் 1992இலும் சோனியா காந்தி பதிப்பித்த இரு தொகுதிகளில் தந்தையும் மகளும் மாறிமாறிப் பேசுவதைப் படிக்க முடிகிறது. பிரதமர் வீட்டுக்குக் கிடைத்தது பஞ்சாலை வீட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதற்குப் பெரிய ஆவணக்காப்பகம் வரக் காத்திருக்க வேண்டாம். மாமா வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போய்ப் பரணில் ஏறுங்கள். அம்மா, அத்தை, சித்தி எழுதியது அங்கேதான் இருக்கும். கிடைத்ததைக் கம்பியிலிருந்து கழற்றித் தேதிவாரியாக அடுக்கி, பென்சிலால் ஓரத்தில் எழுதியவள் பெயரைக் குறியுங்கள். 'இவர் மனைவி', 'அவர் மகள்' என்று போடாதீர்கள். அவள் பெயரைப் போடுங்கள். உருபு எதுவும் வேண்டாம்.